முதலிடம் தகுதிக்கா, விலைக்கா?

கடைவீதியில் முனைக்கடை யாருக்கு என்பதை வாடகை தீர்மானிக்கிறது. அதிகம் தருபவருக்கு நல்ல இடம். இதை யாரும் அநியாயம் என்று கூறியதில்லை. ஆனால், ஊர் நூலகத்தின் பட்டியலில் எந்தப் புத்தகம் முதலில் இடம்பெற வேண்டும் என்பதைப் பதிப்பாளர் தரும் பணம் தீர்மானிக்குமானால் அதை எவரும் ஏற்க மாட்டார்கள். இணையத் தேடுபொறி கடைவீதியா, நூலகமா? இரண்டும்தான். இரண்டாகவும் இருப்பதில் தவறில்லை. கடைவீதி எங்கே முடிகிறது, நூலகம் எங்கே தொடங்குகிறது என்பதை மக்களுக்குத் தெளிவாகக் காட்டாமல் விடுவதுதான் தவறு.

பெங்களூரில் தமிழ்க் குடும்பங்கள் நெருக்கமாக வாழும் நீலசந்திரா போன்ற பகுதிகளுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் விவகாரம் அல்ல. குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பவர், தச்சர், தையற்காரர், குழாய் வேலை செய்பவர் என்று கைத்தொழிலை நம்பிப் பிழைப்பவர்களுக்கு வாடிக்கையாளர் முன்பெல்லாம் வாய்மொழியாக வந்தார். இப்போது செல்பேசித் திரை வழியாக வருகிறார். அந்தத் திரையில் முதலில் தெரிவது பக்கத்துத் தெருக் கடையா, அல்லது நகரம் முழுவதும் ஆள் அனுப்பித் தரகு எடுக்கும் நிறுவனமா என்பதைப் பொறுத்தே அன்றைய கூலி அமைகிறது.

தேடுபொறி வேலை செய்யும் விதத்தை அறிந்தால்தான் சிக்கல் புரியும். தேடுபொறியின் மென்பொருள், இணையத்தில் உள்ள பக்கங்களை ஓயாமல் படித்துத் தனக்கென ஓர் அட்டவணையைத் தயாரித்துக் கொள்கிறது. இதற்குக் கட்டணம் இல்லை. ஒருவர் ஒரு சொல்லைத் தேடும்போது, அந்தச் சொல்லுக்குப் பொருத்தம், பிற தளங்கள் அந்தப் பக்கத்திற்குத் தந்துள்ள இணைப்புகள் எனப் பல அளவுகோல்களைக் கொண்டு அட்டவணையிலுள்ள பக்கங்கள் வரிசைப்படுத்தப்படுகின்றன. உள்ளூர்க் கடைகளுக்கான இலவசப் பட்டியலில் பொருத்தம், தொலைவு, பிரபலம் ஆகிய மூன்றும் முக்கியம் என்று கூகுள் நிறுவனமே கூறுகிறது. இது நூலகப் பகுதி.

இதன் தலைமாட்டில் இருப்பது கடைவீதி. அங்கே ஒவ்வொரு தேடலுக்கும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. தமது விளம்பரத்தின் மீது வாடிக்கையாளர் விரல் வைத்தால் ஒருவர் 40 ரூபாய் தரத் தயார், மற்றொருவர் 15 ரூபாய்தான் தருவார் என்று வைத்துக்கொண்டால், ஏலத் தொகையோடு விளம்பரத்தின் தரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு இடம் ஒதுக்கப்படுகிறது. தரத்திற்கும் மதிப்பு உண்டு என்பது உண்மையே. ஆனால், பணமே கட்டாதவருக்கு அந்த ஏலத்தில் நிற்கவே இடமில்லை. நீலசந்திராவின் பழுதுபார்ப்பவர் வாடிக்கையாளருக்கு மிக அருகில் இருக்கலாம். கைராசிக்காரர் என்று பெயரெடுத்திருக்கலாம். அவற்றின் பயனை அவர் இலவசப் பட்டியலில்தான் பெறுவார். அந்தப் பட்டியலோ விளம்பரங்கள் முடிந்த பிறகே தொடங்குகிறது.

இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழி ஒன்றும் இருந்தது. கட்டணம் செலுத்தினால் ஒரு பக்கத்தை அட்டவணையில் சேர்த்துக் கொள்வதாகவும், அடிக்கடி புதுப்பிப்பதாகவும் தேடுபொறிகள் உறுதியளித்தன. இங்க்டோமி, அல்டாவிஸ்டா, லுக்ஸ்மார்ட் போன்ற நிறுவனங்கள் இந்த வழியில் வருவாய் ஈட்டின. பணம் அட்டவணையில் சேர்வதற்கு மட்டுமே, வரிசையில் முன்னேறுவதற்கு அல்ல என்று அவை வாதிட்டன. ஆனால், அட்டவணையில் இல்லாத பக்கம் வரிசையில் எப்படி வரும்? தேர்வெழுத அனுமதிச் சீட்டைக் காசுக்கு விற்றுவிட்டு, மதிப்பெண்ணை விற்கவில்லை என்று கூறுவதைப் போன்றதே அது. மேலும், விளம்பரம் என்ற முத்திரை இல்லாமல், இலவசப் பக்கங்களோடு பக்கமாக இவை கலந்து நின்றன. படிப்பவருக்கு எது காசு கொடுத்து வந்தது, எது தானாக வந்தது என்று பிரித்தறிய வழியே இல்லை.

அமெரிக்காவில் 2001-ஆம் ஆண்டு கமர்ஷியல் அலர்ட் என்ற நுகர்வோர் அமைப்பு, தேடுபொறி நிறுவனங்கள் பலவற்றின் மீது அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணையத்திடம் புகார் அளித்தது. கட்டணம் பெற்ற முடிவுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்ட வேண்டும், கட்டணச் சேர்க்கை முறையை மக்களுக்கு விளக்க வேண்டும் என்று ஆணையம் 2002 ஜூன் மாதம் நிறுவனங்களுக்குக் கடிதம் எழுதியது. அறிவுரைதான், அபராதம் இல்லை. எனினும் அத்தகைய சேர்க்கை முறை மெல்ல மதிப்பிழந்தது. 2004-இல் அதைப் புதிய வடிவில் கொண்டுவந்த யாகூ நிறுவனமும் 2009 இறுதியில் கைவிட்டது.

இந்தக் காலகட்டத்தில் கூகுள் நின்ற இடம் வேறு. அதன் நிறுவனர்களான லாரி பேஜும் செர்ஜி பிரினும், விளம்பரத்தை நம்பி வாழும் தேடுபொறி விளம்பரதாரர் பக்கமே சாயும் என்று மாணவர்களாக இருந்த 1998-இல் தாங்கள் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் எச்சரித்திருந்தனர். 2004-இல் பங்குச் சந்தையில் நுழைந்தபோது, தேடல் முடிவுகளுக்கோ, அட்டவணையில் சேர்ப்பதற்கோ, அடிக்கடி புதுப்பிப்பதற்கோ பணம் பெறுவதில்லை என்று முதலீட்டாளர்களுக்கான கடிதத்தில் உறுதியளித்தனர். உலகம் அதை நம்பியது. அந்த நம்பிக்கையே அந்நிறுவனத்தின் முதல் மூலதனம் எனலாம்.

ஆனால், 2012-இல் காட்சி மாறியது. பொருள்களின் விலையை ஒப்பிட்டுக் காட்டும் சேவையில் அதுவரை வணிகர்கள் இலவசமாக இடம்பெற்று வந்தனர். அந்த ஆண்டு முதல் அமெரிக்காவில் காசு கட்டும் வணிகருக்கு மட்டுமே அதில் இடம் என்று கூகுள் அறிவித்தது. முன்வாசல் வழியாக வெளியேற்றப்பட்ட முறை கொல்லைப்புறமாகத் திரும்பி வந்தது. இலவசச் சேர்க்கை மீண்டும் அனுமதிக்கப்பட எட்டு ஆண்டுகள் ஆயின. இதற்கிடையே, தனது விலை ஒப்பீட்டுச் சேவைக்குத் தேடல் பக்கத்தில் சலுகை காட்டியதாக 2017-இல் ஐரோப்பிய ஆணையம் அந்நிறுவனத்திற்கு 242 கோடி யூரோ அபராதம் விதித்தது. 2024 செப்டம்பரில் ஐரோப்பிய நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இந்தியாவில் இந்தப் பிரச்னையை முதலில் நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றவர்களில் ஒரு தமிழக நிறுவனமும் உண்டு என்பது குறிப்பிடத்தக்கது. பாரத் மேட்ரிமோனி திருமணத் தகவல் தளத்தை நடத்தும் சென்னை நிறுவனம் அப்போது கன்சிம் இன்ஃபோ என்ற பெயரில் இருந்தது. தமது தளத்தின் பெயரைத் தேடுபவர்களுக்குப் போட்டி நிறுவனங்களின் விளம்பரங்கள் காட்டப்படுவதாக அது சென்னை உயர்நீதிமன்றத்தில் வழக்கு தொடர்ந்தது. மேட்ரிமோனி போன்ற பொதுச் சொற்களை ஒருவர் மட்டும் உரிமை கொண்டாட முடியாது என்ற நோக்கில், 2010 செப்டம்பரில் நீதிபதி வி. ராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். அந்தத் தீர்ப்பில் நியாயம் உண்டு. போட்டியாளர் விளம்பரம் செய்வதே குற்றம் என்றால், சிறு வணிகர் எவரும் பெரிய பெயர்களை எதிர்த்து நிற்க இயலாது.

ஆனால், அதே நிறுவனம் 2012-இல் இந்தியப் போட்டி ஆணையத்திடம் எடுத்துச் சென்ற புகார் வேறு திசையில் நகர்ந்தது. ஜெய்ப்பூரைச் சேர்ந்த கட்ஸ் என்ற நுகர்வோர் அமைப்பின் புகாரும் அதனுடன் சேர்த்து விசாரிக்கப்பட்டது. 2018 பிப்ரவரி 8 அன்று தில்லியில் ஆணையம் பெரும்பான்மை முடிவாக கூகுளுக்கு ரூ. 135.86 கோடி அபராதம் விதித்தது. ஆணையம் கண்டறிந்தவை கவனத்துக்குரியவை. செய்தி, படம் முதலிய சிலவகை முடிவுகள், 2010 வரை, பொருத்தத்தின் அடிப்படையில் அன்றி முன்பே நிர்ணயித்த இடங்களில் வைக்கப்பட்டன. விமானப் பயணத்தைத் தேடுபவருக்குக் காட்டப்பட்ட கட்டணப் பெட்டி பக்கத்தின் முக்கியமான இடத்தை அளவுக்கு மீறி அடைத்துக் கொண்டது. அதிலிருந்த இணைப்பு கூகுளின் சொந்த விமானப் பக்கத்திற்கே இட்டுச் சென்றது. அந்த இணைப்பு எங்கே செல்கிறது என்பதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும் என்று ஆணையம் கட்டளையிட்டது.

அதே நேரத்தில் விளம்பர ஏல முறையில் குற்றம் எதையும் ஆணையம் காணவில்லை. உறுப்பினர்கள் இருவர் பெரும்பான்மையின் முடிவிலிருந்து மாறுபட்டனர். அபராதத்தில் 10 சதவீதத்தைக் கட்டுமாறு கூறி, மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அதே ஆண்டு ஏப்ரலில் இடைக்கால நிவாரணம் அளித்தது. புகார் தந்து தீர்ப்பு வர ஆறு ஆண்டுகள், பிறகு மேல்முறையீடு. அந்த ஆறு ஆண்டுகளில் தேடல் பக்கத்தின் வடிவமே மாறிவிட்டது. பெரும் நிறுவனத்திற்கே இந்த நிலை என்றால், ஒற்றை அறைப் பட்டறை வைத்திருப்பவர் எந்த ஆணையத்தின் கதவைத் தட்டுவார்?

பணத்திற்கு வந்த முடிவுக்கும் தானாக வந்த முடிவுக்கும் இடையிலான கோடு வணிகத்தோடு நிற்பதில்லை. கருவில் இருக்கும் சிசுவின் பாலினத்தைக் கண்டறியும் சேவைகள் பற்றிய விளம்பரங்களைத் தேடுபொறிகள் காட்டுவதை எதிர்த்து சாபு மேத்யூ ஜார்ஜ் 2008-இல் உச்சநீதிமன்றத்தை அணுகினார். கூகுள், யாகூ, மைக்ரோசாஃப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் அந்த வழக்கில் பதிலளிக்க நேர்ந்தது. விளம்பரத்தைத் தடுப்பதா, பொதுவான தேடல் முடிவையும் தடுப்பதா என்பதே அங்கு எழுந்த முக்கியக் கேள்வி. சட்டம் தடை செய்வது விளம்பரத்தையே. அறிவைத் தேடும் குடிமக்களின் உரிமையை அல்ல என்று 2017-இல் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. உயிர் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில், நாட்டின் உச்சநீதிமன்றமே இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிக்க வேண்டியிருந்தது. அப்படியானால் அந்தக் கோடு திரையில் பளிச்சென்று தெரிய வேண்டாமா?

விளம்பர விற்பனையில் தேடுபொறிக்கு எந்தப் பொறுப்பும் இல்லை, அது வெறும் இடைநிலையாளர் என்ற வாதமும் நெடுங்காலம் கூறப்பட்டு வந்தது. வீடு மாற்றும் பணியில் ஈடுபட்டுள்ள ஒரு நிறுவனம் தொடுத்த வழக்கில், 2023 ஆகஸ்டில் தில்லி உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு இதற்கு விடை தந்தது. தேடு சொற்களை விற்கும் திட்டத்தில் கூகுள் ஒதுங்கி நிற்கும் பார்வையாளர் அல்ல, தீவிரப் பங்கேற்பாளர் என்று அமர்வு கூறியது. வணிகக் குறியீட்டு உரிமை மீறப்பட்டால், இடைநிலையாளருக்கான சட்டப் பாதுகாப்பைக் கேடயமாகப் பிடிக்க முடியாது என்பது அதன் சாரம்.

தேடுபொறிகள் தரப்பில் சொல்லப்படும் நியாயங்களையும் ஒதுக்கிவிட முடியாது. கோடிக்கணக்கானோர் காசு கொடுக்காமல் தேடுகிறார்கள் என்றால் அதற்கான செலவை விளம்பரம்தான் ஏற்கிறது. நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் தர முடியாத சிறு வியாபாரி, சில நூறு ரூபாயில் தன் பகுதி மக்களுக்கு மட்டும் விளம்பரம் செய்யும் வசதியையும் தேடுபொறிகளே தந்தன. வரிசைப்படுத்தும் முறையை முழுவதும் வெளியிட்டால், குறுக்கு வழியில் முன்னேறுவோருக்கு அதுவே கைவிளக்காகும் என்ற அச்சத்திலும் உண்மை இருக்கிறது.

ஆனால், இந்த நியாயங்கள் எதுவும் விளம்பரத்தை விளம்பரம் என்று சொல்லாமல் இருப்பதற்குக் காரணமாகாது. தொடக்கத்தில் விளம்பரங்கள் வேறு நிறப் பின்னணியில், பக்கத்தின் ஓரத்தில் தனித்து நின்றன. பிறகு பின்னணி நிறம் போனது. 2016-இல் கணினித் திரையின் வலது ஓர விளம்பரங்கள் நீக்கப்பட்டு, முடிவுகளுக்கு மேலே நான்கு விளம்பரங்கள் வரை ஏறின. மஞ்சள் முத்திரை பச்சையாகி, பச்சை கறுப்பாகி, சுற்றியுள்ள எழுத்துகளோடு கலந்தது. ஒவ்வொரு மாற்றமும் சிறியது. எல்லாமாகச் சேர்ந்து கடைவீதிக்கும் நூலகத்திற்கும் நடுவே இருந்த சுவரைத் திரைச்சீலையாக்கின. ஆங்கிலத் திரையில் ஆங்கிலத்தில் நிற்கும் அந்த முத்திரை, ஆங்கிலம் அதிகம் படிக்காதவருக்கு என்ன சொல்லும்? தேடலில் கிடைத்த எண் வங்கியின் சேவை மைய எண்தான் என்று நம்பிப் பணத்தை இழந்தவர்கள் ஏராளம். இந்திய ரிசர்வ் வங்கி 2022-இல் வெளியிட்ட விழிப்புணர்வுக் கையேட்டிலேயே தேடுபொறி வழி மோசடிக்குத் தனித் தலைப்பு தரவேண்டிய நிலை ஏற்பட்டது. மேலே இருப்பதெல்லாம் மெய் என்ற நம்பிக்கையே மோசடிக்காரர்களின் முதலீடு.

இந்திய அரசியலை உற்று நோக்குவோருக்கு இது பழகிய நோய்தான். 2009 மக்களவைத் தேர்தலின்போது வேட்பாளர்களிடம் பணம் பெற்றுக்கொண்டு, விளம்பரத்தைச் செய்தி போலப் பத்திரிகைகள் வெளியிட்டதாக எழுந்த புகார் நாட்டையே உலுக்கியது. இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் அதுபற்றி ஆராய்ந்து 2010-இல் அறிக்கை அளித்தது. காசுக்குச் செய்தி வெளியிடுவதைத் தேர்தல் குற்றமாக்க வேண்டும் என்று சட்ட ஆணையம் 2015-இல் பரிந்துரைத்தது. அன்று மக்களைக் கோபப்படுத்தியது விளம்பரம் வந்தது என்பதல்ல. செய்தி என்ற உடையில் வந்தது என்பதே. பத்திரிகைக்கு ஒரு நீதி, தேடுபொறிக்கு வேறொரு நீதி என்பது எப்படிப் பொருந்தும்? ஒரு பத்திரிகையைப் பிடிக்காவிட்டால் வாசகர் வேறொன்றை வாங்கலாம். கூகுள் தேடலில் ஏகபோகம் செலுத்துகிறது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்பளித்தது. மாற்று அரிதாக இருக்கும் இடத்தில் பொறுப்பு இரட்டிப்பாக வேண்டும்.

தில்லியில் இதற்கான முயற்சிகள் நடக்கவில்லை என்று கூற முடியாது. மின்வணிகத் தளங்கள் தங்கள் தரவரிசைக்கான முக்கிய அளவுகோல்களை எளிய மொழியில் விளக்க வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் கூறுகின்றன. ஆனால், அவை பொருள் விற்கும் சந்தைத் தளங்களை மனத்தில் கொண்டு எழுதப்பட்டவை. கட்டணப் பட்டியலைத் தனித்துக் காட்ட வேண்டும் என்ற திருத்த வரைவு 2021 ஜூனில் வெளியாகி, அப்படியே தேங்கியது. தேடலிலும் தரவரிசையிலும் சலுகை காட்டுவது போட்டிக்கு எதிரான செயல் என்று நாடாளுமன்ற நிதி நிலைக்குழு 2022 டிசம்பரில் தனது அறிக்கையில் பட்டியலிட்டது. மாறுவேட விளம்பரத்தை நுகர்வோரை ஏமாற்றும் உத்திகளில் ஒன்றாக 2023 நவம்பர் வழிகாட்டு நெறிமுறைகள் சேர்த்தன. 2024 மார்ச்சில் மின்னணுப் போட்டி மசோதாவின் வரைவும் வெளிவந்தது. தொழில் துறையின் எதிர்ப்புக்குப் பின் அதன் வேகம் தணிந்தது. விதிகள் துண்டு துண்டாக இருக்கின்றன. தேடுபொறியை நேராகப் பார்த்துப் பேசும் விதிதான் இல்லை.

ஐரோப்பாவில் அப்படி அல்ல. தரவரிசையின் முக்கிய அளவுகோல்களைத் தேடுபொறிகளும் வெளியிட வேண்டும் என்ற விதி அங்கு 2020 ஜூலை முதல் அமலில் உள்ளது. நுட்ப ரகசியத்தை வெளியிடாமலேயே அளவுகோல்களை விளக்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. இணைய விளம்பரத்தின் மீது இந்தியா 2016 முதல் விதித்து வந்த 6 சதவீத வரியும் 2025 ஏப்ரலோடு நீக்கப்பட்டது. வரியை விட்டுக்கொடுத்த அரசு, வெளிப்படைத்தன்மையையும் விட்டுக்கொடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

கேட்க வேண்டியவை மூன்றுதான். முதலாவது, பணம் பெற்று இடம்பெறும் எந்த முடிவும் தனி நிறத்தில், தனிக் கட்டத்தில், பயனாளர் தேடிய மொழியிலேயே விளம்பரம் என்ற சொல்லோடு காட்டப்பட வேண்டும். இரண்டாவது, தேடுபொறி நிறுவனம் தனது சொந்தச் சேவையை முன்னிறுத்துவதும் கட்டண இடத்திற்கு ஒப்பானதே. அதற்கும் அதே முத்திரை வேண்டும். மூன்றாவது, இலவசப் பட்டியலிலிருந்து நீக்கப்படும் அல்லது பின்தள்ளப்படும் சிறு வணிகருக்குக் காரணம் கூறவும், குறித்த நாள்களுக்குள் முறையீட்டைத் தீர்க்கவும் உள்நாட்டில் ஓர் அதிகாரி இருக்க வேண்டும். இவற்றில் எதுவும் விளம்பரத்தைத் தடை செய்யவில்லை. எந்த நிறுவனத்தின் வருவாயையும் பறிக்கவில்லை.

நீலசந்திராவின் தச்சரும் தையற்காரரும் சலுகை கேட்கவில்லை. பணம் உள்ளவர் முன்னால் நிற்பதையும் அவர்கள் தடுக்கவில்லை. முன்னால் நிற்பவர் பணம் கொடுத்து நிற்கிறார் என்பது வாடிக்கையாளருக்குத் தெரியட்டும் என்பதே நியாயமான கோரிக்கை. விலை கொடுத்து வாங்கிய இடத்தைத் தகுதியால் கிடைத்த இடம் போலக் காட்ட அனுமதிக்கும்வரை, சந்தையில் உழைப்பவரும் ஏமாறுவார், தேடுபவரும் ஏமாறுவார். நாடாளுமன்றம் இதை வெறும் தொழில்நுட்பப் பிரச்னை என்று ஒதுக்காமல், நுகர்வோரின் அறியும் உரிமை என்று கருதிச் சட்டமியற்ற வேண்டும். அதற்கான குரல் தில்லியில் ஒலிக்க வேண்டுமானால், முதல் வழக்குகளில் ஒன்றைத் தொடுத்த தமிழகத்தின் உறுப்பினர்களிடமிருந்தே அது தொடங்குவது பொருத்தமாக இருக்கும்.